கிளாட்பரியின் ஒரே மெதடிஸ்ட்

கிளாட்பரி மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் மெதடிஸ்டுகள் யாருமே இல்லை என்ற விஷயம், பிப்ரவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தெரியவந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்றைய கூட்டக் குறிப்பை எழுதியவள் நான். தலைவர் அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் கூட்டமே நடக்காத வேலை நாள் ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. அன்று கூடியிருக்க வேண்டியது, கூட்டங்களைக் குறைப்பது பற்றி ஆராயும் குழு. அவர்கள் மறந்துவிட்டார்கள்.

விவகாரம் ஒரு படிவத்தில் தொடங்கியது. மெதடிஸ்ட் சபையின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகங்களுக்குச் சபைத் தலைமையகம் பத்து வருடத்துக்கு ஒருமுறை படிவம் அனுப்பும். பிறகு மூன்று பேர் கொண்ட பார்வைக் குழு வந்து பார்த்துவிட்டு, இன்னும் பத்து வருடம் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று சொல்லும். நான்காவது கேள்வி, ‘உங்கள் ஊழியர்களில் சபை உறுப்பினர்கள் எத்தனை பேர்?’ போன முறை இதற்கு ‘ஏராளம்’ என்று எழுதி அனுப்பியிருந்தோம். இந்த முறை படிவம் கணினியில் வந்தது. அந்தக் கட்டம் எண்ணை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது.

“சரி, இங்கேயே ஒரு சுற்று கேட்டுடுவோம்” என்றார் தலைவர் டாக்டர் கார்லைல் வின்ட்ரப். “நான் பிரஸ்பிட்டீரியன். மெரிடித், நீங்க?”

டாக்டர் மெரிடித் ஓக்லி பணிநோக்குத் துறையின் துணைத்தலைவர். பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்பதை அவ்வப்போது கண்டுபிடிப்பது அந்தத் துறையின் வேலை. “நான் வளர்ந்தது கத்தோலிக்கக் குடும்பத்துல. இப்ப யோகா” என்றார்.

எல்லோரும் சிற்றாலய குருவைப் பார்த்தார்கள். “நான் எல்லா மரபுக்கும் நடுவுல நிக்கிறவன்” என்றார் அவர். “ஒண்ணுல போய் நின்னா மத்ததுக்கு முதுகு காட்டின மாதிரி ஆயிடும்.”

இறையியல் துறையில் நான்கு பேர். ஒருவர் லூத்தரன், ஒருவர் யூதர், ஒருவர் முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடிப்பதற்குள் நம்பிக்கையைத் தொலைத்தவர். நான்காமவர் துருக்கியில் களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மின்னஞ்சல் போயிற்று. ‘நான் என்னவாக இருந்தேன் என்று பார்த்துச் சொல்கிறேன்’ என்று பதில் வந்தது. கால்பந்துப் பயிற்சியாளர் பாப்டிஸ்ட். நான் லூத்தரன். என்னை யாரும் கேட்கவில்லை.

“இது எப்படி ஆச்சு?” என்றார் வின்ட்ரப்.

“நாம எல்லாரையும் வரவேற்கிறோம்” என்றார் ஓக்லி. “அதுல அவங்க மட்டும் விட்டுப்போயிட்டாங்க.”

எங்கள் வரலாறு இரண்டு தொகுதிகளாக அச்சில் இருக்கிறது. சுருக்கம் இதுதான். 1871இல் ஒபதாயா கிளாட்பரி என்ற ஊர் சுற்றும் போதகர் கான்சஸ் புல்வெளியைக் கடந்துகொண்டிருந்தபோது அவருடைய குதிரை செத்துப்போனது. அடுத்த ஊருக்கு நடக்க மனமில்லாமல் அங்கேயே ஒரு சோளக் களஞ்சியத்தில் ஆறு பேருக்கு எழுத்தும் கணக்கும் வேதமும் சொல்லிக்கொடுத்தார். ஆறில் நான்கு பேர் பெண்கள். கிடைத்தது அவர்கள்தான். அந்தக் களஞ்சியத்தில் படித்தவர்கள்தான் அடுத்த நாற்பது வருடம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். கட்டடம் மூன்று முறை எரிந்தது, மூன்று முறையும் விவசாயிகள் வந்து கட்டிக்கொடுத்தார்கள். நடனம் 1962 வரை தடை. அந்த வருடம் ஒரு குழு கூடி அதற்கு ‘தாளத்துடன் கூடிய ஐக்கியம்’ என்று பெயர் மாற்றி அனுமதித்தது. குதிரை செத்த விஷயம் முதல் தொகுதியில் ‘தேவ அழைப்பு’ என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது.

பிற்பகலில் பணியாளர் அலுவலகம் ஒரு பழைய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. முப்பது வருடத்துக்கு முன் வேலை விண்ணப்பத்தில் மதம் எழுத ஓர் இடம் இருந்ததாம். அந்த விண்ணப்பங்களில் இன்னும் வேலையில் இருப்பவர் ஒரே ஒருவர், வெர்லின் பெக், வளாகம் முழுவதற்கும் நீராவிச் சூடு அனுப்பும் பாய்லர் அறை. மதம் என்ற இடத்தில் ‘மெதடிஸ்ட்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பணியாளர் அலுவலக அம்மாள் மட்டும் பெருமூச்சு விடவில்லை.

“அவருக்குப் போன வெள்ளிக்கிழமைதான் கடிதம் போச்சு” என்றாள். “பாய்லர் அறையை மூடறோம். மே முப்பத்தொண்ணோட அவர் வேலை இல்ல.”

“கடிதத்துல என்ன எழுதியிருக்கோம்?”

“கிளாட்பரி குடும்பம் உங்களை என்றும் மறக்காதுன்னு.”

“பரவாயில்ல” என்றார் வின்ட்ரப். “மறக்கல பாருங்க.”

வெர்லினைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அறுபது வயது, நீண்ட கைகள், காதில் கொஞ்சம் மந்தம். நீராவிக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் நின்றதால் வந்தது. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“சார், மே வரைக்கும் இருக்கலாம்னு எழுதியிருந்துச்சு” என்றார்.

“உட்காருங்க வெர்லின். நீங்க… மெதடிஸ்டா?” என்று வின்ட்ரப் குரலைத் தாழ்த்திக் கேட்டார், மருத்துவர் கேட்பதைப்போல.

“ஆமாங்க.”

“எவ்வளவு நாளா?”

“பொறந்ததுலேருந்து.”

“இன்னும் இருக்கீங்களா?”

“ஞாயித்துக்கிழமை போவேன். ஈஸ்டர் காலையில பான்கேக் ஊத்தறது நான்தான். பதினேழு பேர் வருவோம். மில்ட்ரெடுக்கு இடுப்பு சரியானா பதினெட்டு.”

ஓக்லி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே அவரை ‘வளாக மெதடிஸ்ட்’ என்ற புதிய பதவியில் நியமிக்கத் தீர்மானம் நிறைவேறியது. வெர்லினுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“அப்ப பாய்லர் வேலை இருக்குமா, டாக்டர்? எதுக்குக் கேக்கறேன்னா, என் வீட்டுக்காரி பெர்னிஸுக்கு செப்டம்பர்ல இதய வால்வு ஆபரேஷன். காப்பீடு என் வேலையோட வர்றது.”

“அது ரெண்டும் வேற வேற துறை, வெர்லின்” என்றார் ஓக்லி மிகுந்த கனிவோடு. “பாய்லர் வசதித் துறை. நீங்க மெதடிஸ்டா இருக்கறது என் துறை. ஒரு துறையோட முடிவுல இன்னொரு துறை தலையிடறது இங்க வழக்கமில்ல. வளாக மெதடிஸ்ட் பதவி பார்வைக் குழு வந்துட்டுப் போற வரைக்கும். அதுக்கப்புறம் மே முப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க பழையபடி பாய்லர் பாத்துக்கலாம்.”

“நன்றிங்க” என்றார் வெர்லின். அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

அடுத்த ஆறு வாரம் அவருக்குப் பாய்லர் அறைக்குப் போக நேரமே இருக்கவில்லை. நூலகத்தில் ஓர் அறை, கதவில் பித்தளைப் பலகை, செவ்வாயும் வியாழனும் இரண்டு முதல் நான்கு வரை சந்திப்பு நேரம். சமூகவியல் மாணவர்களுக்கு அவரைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பக்கம் எழுதும்படி சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் நடனம் ஆடுவீர்களா என்று கேட்டாள். ஆடுவேன், நன்றாக வராது என்றார். ஒரு பையன் அவருடைய அனுமதியோடு அவர் சாண்ட்விச் சாப்பிடுவதைப் படம் எடுத்துக்கொண்டான்.

பிறகு விழுமியப் பட்டறை. சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, ஓக்லி பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

“மெதடிஸ்டா இருக்கறதுல உங்களோட மூணு முக்கிய விழுமியம் என்ன?”

வெர்லின் தொப்பியை மேசைமேல் வைத்தார். “யாராவது செத்துட்டா அவங்க வீட்டுக்கு ஹாம் கொண்டுபோய்க் கொடுப்போம்.”

ஓக்லி ‘உணவு வழித் துயர் மேலாண்மை’ என்று எழுதினார். “ரெண்டாவது?”

“பாட்டு எடுத்தா எல்லாச் சரணமும் பாடுவோம். நடுவுல விடமாட்டோம்.”

‘இலக்கை எட்டும் உறுதி.’ “மூணாவது?”

“வேற என்ன… கமிட்டி நிறைய இருக்கும்.”

மேசையைச் சுற்றி எல்லோர் முகமும் மலர்ந்தது. சபைக்கும் எங்களுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது.

பெரிய வாயிலில் தொங்கவிட அவருடைய படம் வேண்டியிருந்தது. அவர் போட்டிருந்த உடுப்பில் எண்ணெய்க் கறை அதிகம் என்று புதிதாக ஒன்று வாங்கினார்கள். புதியது அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. ஓவியத் துறையில் கொடுத்து முழங்காலில் மட்டும் கறை வரைந்து வாங்கினார்கள்.

இதற்கிடையில் பாய்லரைப் பார்க்க ஆளில்லை. அது பழைய நீராவி இயந்திரம், மணிக்கு ஒருமுறை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். மார்ச் மாதத்தில் வகுப்புகள் குளிர்க் கோட்டோடு நடந்தன. தலைவரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் போனது. நான்தான் தட்டச்சு செய்தேன். ‘நம் முன்னோர் களஞ்சியத்தில் உணர்ந்த அதே குளிரை நாமும் உணரும் அரிய வாய்ப்பு’ என்று அதில் இருந்தது. தலைவரின் அறையில் மின்சார ஹீட்டர் இரண்டு இருந்தன.

பார்வைக் குழு வருவதற்கு முந்தைய வாரம், வெர்லின் மனப்பாடம் செய்ய வேண்டிய பதில்களில் மீதியை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெர்னிஸ் அடுப்பிலிருந்து டியூனா மீன் காசரோலை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். பேச மட்டும் மூச்சு எங்கிருந்தோ வந்துவிடும்.

“லோர்னா, இதைக் கேளேன். இவன் குளிக்கறப்ப என்னமோ சொல்லிட்டே இருக்கான். வெர்லின், சொல்லு.”

“‘என் நம்பிக்கைப் பயணம் பல்தரப்பு உரையாடல்களால் வளம் பெற்றிருக்கிறது’” என்றார் வெர்லின்.

“அப்படின்னா என்ன?”

“தெரியல.”

“நீ சொல்றது உனக்கே தெரியல. முப்பத்தொரு வருஷம் பாய்லரைக் கட்டிக்கிட்டு அழுதே, அப்ப ஒருத்தன் உன்னை ஏன்னு கேக்கல. இப்ப உன்னைக் கூண்டுல வெச்சுக் காட்டறாங்க. நீயும் கடலையைக் கொடுத்தாத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கே!”

“செப்டம்பர் வரைக்குமாவது வெச்சுக்குவாங்களோன்னு பாக்கறேன், பெர்னிஸ்.”

அவள் காசரோலைப் பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் போட்டாள். நான் கொண்டுபோன காகிதம் சூடான பாத்திரத்துக்கு அடியில் போயிருந்தது.

பார்வைக் குழு மார்ச் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அன்று பனி கொட்டியது. குழுவின் தலைவர் ரெவரெண்ட் ஹாட்டி கோல்பர்ன், எழுபது வயது தாண்டிய பெண்மணி, ஆண்கள் போடும் பனிக்காலணி போட்டிருந்தார். நிறுவனர் மண்டபத்தில் வின்ட்ரப் பேசினார். குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்.

“நம்பிக்கைங்கறது எங்களுக்குக் குடும்ப நகை மாதிரி. நாங்க அதை தினமும் போட்டுக்கறதில்ல. தேஞ்சுபோயிடும். பத்திரமா உள்ள வெச்சிருக்கோம். எங்க வெச்சோம்னு சில சமயம் தேடவேண்டியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது தொலைஞ்சுபோகலைங்கறதுல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு. ‘மெதடிஸ்ட்’ங்கற சொல்லை எங்க பேர்லேருந்து எடுத்துடலாமான்னு ஒரு தடவை ஆலோசனை கேட்டோம். அந்தச் சொல்லுக்கு யாரும் எந்த அர்த்தமும் சொல்லல, அதனால யாருக்கும் இடைஞ்சல் இல்லைன்னு தெரிஞ்சுது. உடனே வெச்சுக்கிட்டோம்.”

கோல்பர்ன் காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார். “ரொம்பக் குளுருது” என்றார். பிறகு, “உங்க மெதடிஸ்டைப் பாக்கலாமா?”

வெர்லின் எழுந்து நின்றார். வரைந்த கறை முழங்காலில் பளபளத்தது. “என் நம்பிக்கைப் பயணம்” என்று ஆரம்பித்தார்.

அப்போது சுவருக்குள் குழாய் டணார் என்று அடித்தது. மறுபடி ஒருமுறை. வெர்லின் தலையைச் சாய்த்தார். காது மந்தமான மனிதர், ஆனால் அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு எப்போதும் கேட்கும்.

“மன்னிக்கணும் ரெவரெண்ட்” என்றார். “பாய்லர்ல தண்ணி குறைஞ்சிருக்கு. நான் போகலைன்னா கெட்டுப்போயிடும்.”

“வெர்லின்!” என்றார் ஓக்லி. “இன்னும் ரெண்டாவது வாக்கியம் இருக்கு!”

அவர் போய்விட்டார். கோல்பர்ன் எழுந்து அவர் பின்னாலேயே போனார். அவருடன் வந்த இருவரும் போனார்கள். நானும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போவது என் வேலை.

வளாகத்திலேயே கதகதப்பான இடம் பாய்லர் அறை ஒன்றுதான் என்பதை எங்களுக்கு முன்னாலேயே பலர் கண்டுபிடித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து மாணவர்கள் தரையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நம்பிக்கையைத் தொலைத்த பேராசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சூடான குழாய் மேல் ஒரு பானைத் தக்காளி சூப் இருந்தது. வெர்லின் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் எதையோ திருகினார், எதையோ தட்டினார், கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். டணார் சத்தம் நின்றது.

கோல்பர்ன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, ஈரக் காலுறையைக் குழாய் மேல் காயப் போட்டார். யாரோ அவர் கையில் சூப்பைக் கொடுத்தார்கள்.

“உங்களை வேலையை விட்டு எடுக்கறாங்கன்னு ஒரு பொண்ணு சொன்னா. நிஜமா?”

“ஆமாங்க. மே முப்பத்தொண்ணு.”

“அப்புறம் ஏன் இப்படி ஓடிவந்து பாத்துக்கறீங்க?”

வெர்லினுக்குக் கேள்வி புரியவில்லை. “இன்னும் மே வரலையே” என்றார்.

அவர்கள் மூவரும் மாலை வரை அங்கேயே இருந்தார்கள். மேலே மண்டபத்தில் வின்ட்ரப் தயார் செய்திருந்த படக்காட்சியை ஓக்லியும் சிற்றாலய குருவும் பார்த்தார்கள்.

அறிக்கை ஏப்ரல் கடைசியில் வந்தது. ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் கண்ட ஒரே மெதடிஸ்ட் நிறுவனம் அதன் பாய்லர் அறை’ என்று கோல்பர்ன் எழுதியிருந்தார். வின்ட்ரப் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். வெர்லின் பெக்கை வேலையில் தொடர்ந்து வைத்திருங்கள் என்று கீழே ஒரு பரிந்துரையும் இருந்தது. அது ‘நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று குறிப்பில் எழுதினேன். எதுவும் செய்யப்போவதில்லை என்பதை நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

பாய்லர் அறையை மூடும் முடிவு மாறியது. அதற்குப் பதிலாக அங்கே ‘வெப்ப ஊழிய மையம்’ வரும், அதற்கு ஓர் இயக்குநர் வருவார். நாடு முழுக்கத் தேடினார்கள். பெர்னிஸ் வற்புறுத்தியதால் வெர்லினும் விண்ணப்பித்தார். ‘இதற்கு நிகரான இன்னொரு கல்வி நிறுவனத்தின் பாய்லர் அறையில் ஐந்தாண்டு ஊழிய அனுபவம்’ இல்லாததால் அவர் பெயர் முதல் சுற்றிலேயே போய்விட்டது. மே முப்பத்தொன்று அன்று கேக் வெட்டினார்கள். கேக்கில் ‘வெர்னன்’ என்று எழுதியிருந்தது. அவர் அந்த எழுத்து இருந்த துண்டை எடுத்துச் சாப்பிட்டார்.

ஊரின் மறுபக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய் நின்றார். வேலைக்கு எடுக்கும் சிஸ்டர் இரண்டே கேள்வி கேட்டாராம்: “நீராவி தெரியுமா? திங்கக்கிழமை வரமுடியுமா?” செப்டம்பரில் பெர்னிஸுக்கு அதே மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும், அறை சூடாக இருப்பதாகப் புகார் சொன்னாளாம்.

அதே செப்டம்பரில் எங்கள் மையமும் திறக்கப்பட்டது. இயக்குநர் டாக்டர் சில்வன் ஹார்கிரீவ் எபிஸ்கோபல் சபைக்காரர். உஷ்ணமும் இறையனுபவமும் பற்றி நானூறு பக்கம் எழுதியவர். பாய்லரைத் துடைத்து மெருகேற்றி, சுற்றிலும் பட்டுக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டார். பாய்லர் எரியாததால் அறை அமைதியாக இருந்தது. அதனால் பாய்லர் எரியும் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்.

பாய்லருக்குப் பதிலாக வரவேண்டிய புதிய வெப்ப இயந்திரம் ஜனவரியில்தான் வரும் என்று சொன்னார்கள். அக்டோபர் கடைசி வாரம் உறைபனி விழுந்தது. விடுதியில் குழந்தையோடு இருக்கும் மாணவிகள் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி தன் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்து, இங்கேயாவது சூடு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. நான் ஹார்கிரீவிடம் போனேன்.

“டாக்டர், பாய்லர் நல்லாத்தானே இருக்கு? பத்த வெச்சுடுங்களேன்.”

“அது இப்ப காட்சிப்பொருள், லோர்னா. தொடணும்னா பாதுகாப்புக் குழு அனுமதி வேணும். குழு ஏப்ரல்ல கூடுது.”

“ஏப்ரல்ல குளுரே இருக்காதே.”

“ஆமா. அதான் அவங்களும் அவசரம் இல்லைன்னு வெச்சிருக்காங்க.”

உடனே வெர்லினுக்குப் போன் செய்து குழந்தை விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டு இடைவேளையில் வருகிறேன் என்றார். ஆனால் அவரிடம் அடையாள அட்டை இல்லை, வாசல் காவலர் விடமாட்டார். உள்ளே வர ஒரே வழி, ஒரு மணிக்கு ஹார்கிரீவ் நடத்தும் மரபுச் சுற்றுலா. பெயரைப் பதிந்தேன். வருபவர் யார் என்ற இடத்தில் ‘சேரவிருக்கும் மாணவரின் பெற்றோர்’ என்று எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொல்லி எழுதியது.

விச்சிட்டாவிலிருந்தும் சலைனாவிலிருந்தும் வந்திருந்த பெற்றோர்களோடு, நெஞ்சில் ‘விருந்தினர்’ என்று ஒட்டிக்கொண்டு, வெர்லின் கடைசி ஆளாகப் பாய்லர் அறைக்குள் வந்தார். ஹார்கிரீவ் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கை நீட்டி, “எங்க முன்னோர் இங்கதான் நெருப்பைச் சுத்தி ஒரு சமூகமா வாழ்ந்தாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து புகையாக ஆவி வந்தது. வெர்லின் கயிற்றைத் தாண்டினார்.

“ஐயா, காட்சிப்பொருளைத் தொடக் கூடாது” என்றார் ஹார்கிரீவ்.

வெர்லினின் மந்தமான காது அந்தப் பக்கம் இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, வால்வைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்தார். விசிறியை ஓடவிட்டுக் காத்திருந்தார். பிறகு நெருப்பு வைத்தார். உள்ளே பொங்கென்று ஒரு சத்தம். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அதற்குள் அமுங்கிப்போயிற்று. பெற்றோர்கள் கைதட்டினார்கள். ஹார்கிரீவ் பெற்றோர்கள் பக்கம் திரும்பி, “இது எங்களோட உயிருள்ள மரபு நிகழ்ச்சி” என்றார். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

“லோர்னா, இங்க வா” என்று வெர்லின் கூப்பிட்டார். “இந்தக் கண்ணாடியில தண்ணி பாதிக்குக் கீழ போச்சுன்னா இதை இப்படித் திருப்பு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு. இதை விட்டு எங்கயும் போயிடாதே.”

நான் கயிற்றைத் தாண்டிப் போனேன்.

விச்சிட்டாக்காரர் ஒருவர் கயிற்றின் மேல் சாய்ந்து கேட்டார்: “ஏங்க, நீங்க நிஜமாவே மெதடிஸ்டா, இல்ல வேஷம் போட்டிருக்கீங்களா?”

வெர்லின் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மூணு மணிக்குள்ள மேல சூடு வந்துடும்” என்றார். “அந்தக் கைக்குழந்தைக்காரப் பொண்ணு விடுதியில மூணாவது மாடியில இருக்கா. யாராவது போய்ச் சொல்லுங்க.”